வீட்டில் பார்த்த ஐந்து படங்களும் காதில் தங்கியவையும்

கேள்வி: சமீபத்தில் வீட்டிலேயே பார்த்த படங்களில் எவை உங்களை உண்மையிலேயே பாதித்தன? தியேட்டரில் பார்க்காமல் விட்டோமே என்று எதற்காவது தோன்றியதா?

பாதித்தவை என்றால் ஐந்து படங்களைச் சொல்வேன். கொட்டுக்காளி, தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட், உள்ளொழுக்கு, ஆல் வி இமாஜின் ஆஸ் லைட், மெய்யழகன். ஊர், மொழி, கதை எதிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் எதை நினைத்தாலும் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு சத்தம்தான், அப்புறம்தான் முகம், காட்சி எல்லாம். நான் பல வருஷமாக சினிமா ஒலிக்கலவை வேலையில் இருப்பவன், அதனால் எனக்குக் காது முந்திக்கொள்கிறது என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் வீட்டில் படம் பார்க்கிற எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது என்பது என் கட்சி. திரை சின்னதாகிப் போனால் மனசு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், பத்து நிமிஷத்தில் அந்தச் சின்னப் பெட்டியே உலகமாகிவிடும். சத்தம் கெட்டுப்போனால் அப்படிச் சரிக்கட்ட முடியாது, ஆள் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார், கை தானாகச் செல்போனுக்குப் போகும்.

கொட்டுக்காளியிலிருந்து தொடங்குகிறேன். பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம், 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், வீட்டார் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு ஆட்டோவிலும் சில பைக்குகளிலுமாகக் குடும்பத்தோடு கிளம்பிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். படத்துக்கு இசையமைப்பாளரே கிடையாது. பின்னணி இசை என்று ஒரு துளி இல்லை, ஆட்டோவின் எஞ்சின், பைக், சேவல், காற்று, பெண்களின் முணுமுணுப்பு, இவ்வளவுதான். தமிழில் இப்படி ஒரு படம் எடுத்து, அதையும் சூரி மாதிரி எல்லோருக்கும் தெரிந்த நடிகரை வைத்து எடுத்து, தியேட்டருக்கும் கொண்டுவந்தது பெரிய விஷயம். சிவகார்த்திகேயன் தயாரித்தார், அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இதில் சூரியின் குரலைக் கவனியுங்கள். அவர் நடிக்கும் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது, வாயைத் திறந்தால் கரகரவென்று பாதிக் காற்றும் பாதிச் சொல்லுமாகத்தான் வருகிறது. அதிகாரம் செய்ய வேண்டிய ஆண் அவன், அவனுக்குக் குரல் இல்லை. மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பேச முடியாதவன் ஒருத்தன், பேசமாட்டேன் என்று இருப்பவள் ஒருத்தி. இந்த இரண்டு மௌனங்களுக்கும் நடுவில் ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது. வழியில் ஏதோ ஒரு விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போகிறது. மீனா தன்னையறியாமல் அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி வெறிபிடித்தவன் மாதிரி அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். படம் முழுக்க இசையே இல்லாமல் நம்மை உட்காரவைத்துவிட்டு, ஒரு பாட்டு காதில் விழுந்த இடத்தில் அடி விழ வைக்கிறார் இயக்குநர். அவள் மனசில் ஒரு பாட்டு இன்னும் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் மனைவி சோபாவிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிவைப் பற்றிப் பலருக்குக் கோபம், "என்னதான் ஆச்சு, சொல்லாமலே முடிச்சிட்டாங்களே" என்று. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. சாமியாடி இன்னொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அவன் முகம் மாறுவது நமக்குத் தெரிகிறது. அதற்கு மேல் அவன் என்ன செய்வான் என்பதை நம்மிடம் விட்டுவிட்டுப் படம் முடிகிறது. இந்த மாதிரி ஆண்கள் திருந்திவிட்டார்கள் என்று காட்டியிருந்தால் அது பொய், திருந்தவே மாட்டார்கள் என்று காட்டியிருந்தால் நாம் நிம்மதியாகக் கையைத் தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்போம். வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, ஒன்றேகால் மணி நேரம்தான். ஊற்றுத் தண்ணீருக்காகப் பெண்கள் காத்திருக்கும் அதன் கடைசிக் காட்சி என்னை விட்டு இன்னும் போகவில்லை.

இங்கே வேலை சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "டிவியில் வசனமே கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது" என்று எல்லோரும் புலம்புகிறார்கள். தியேட்டருக்குக் கலக்கும்போது வசனத்தைப் பெரும்பாலும் திரைக்கு நேர் பின்னால் இருக்கிற நடு ஸ்பீக்கருக்குத்தான் கொடுப்போம். இசை இரண்டு பக்கமும் விரியும், மழை, கூட்டம், தெருச் சத்தமெல்லாம் பக்கவாட்டிலும் பின்னாலும் போகும். அதனால் இசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வசனத்துக்குத் தனியாக ஒரு இடம் இருக்கும். வீட்டு டிவியில் இருப்பது பெரும்பாலும் இரண்டே இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் டிவி மெல்லிசாக ஆக ஆகக் கீழ்நோக்கியோ பின்பக்கமோ திரும்பிவிட்டது. ஐந்து இடத்துக்குப் போக வேண்டியதெல்லாம் அந்த இரண்டிலேயே வந்து விழுகிறது, வசனம் அடியில் மாட்டிக்கொள்கிறது. அளவும் வேறு. தியேட்டர் கலவைக்கு 85 டெசிபல்லை அடிப்படையாக வைத்துக்கொள்வது உலக வழக்கம், வீட்டில் யாரும் அந்தச் சத்தத்தில் பார்ப்பதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி நிறுவனங்கள் வசனத்தின் சராசரி உரப்பு மைனஸ் 27 LKFS (உரப்பை அளக்கிற அலகு) என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அதனால் ஓடிடிக்கென்று தனியாக ஒரு கலவை செய்வதுதான் முறை. அவசரத்தில் தியேட்டர் கலவையையே மொத்தமாக இறக்கிவைத்து அனுப்பினால் நீங்கள் ரிமோட்டும் கையுமாகத்தான் உட்கார வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. டிவி ஸ்பீக்கரில்தான் பார்க்கிறீர்கள் என்றால் ஆடியோ பட்டியலில் பல ஸ்பீக்கருக்கான 5.1ஐ விட்டுவிட்டு இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவை எடுத்துப் பாருங்கள், பல படங்களில் வசனம் உடனே தெளியும். இரவில் பார்க்கும்போது டிவி அமைப்பில் நைட் மோட் மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். ஆனால் கொட்டுக்காளி மாதிரி படத்துக்கு நைட் மோட் போடாதீர்கள், அமைதியையும் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும், அப்புறம் அந்தப் படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. நல்ல ஹெட்போன் ஒன்று இருந்தால் அதுவே போதும்.

அடுத்தது தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட். ஜோனதன் கிளேசர் இயக்கியது, 2023. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ்ஸும் அவன் மனைவி ஹெட்விக்கும் முகாமின் சுவரை ஒட்டிய வீட்டில் குழந்தை குட்டிகளோடு தோட்டம் போட்டு வாழ்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற கொலைகளைப் படம் ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. எல்லாம் சத்தம்தான். தூரத்தில் துப்பாக்கி, நாய், ரயில், யாரோ கத்துவது, இவற்றுக்கெல்லாம் அடியில் ஓயாமல் ஒரு இரைச்சல், உலை எரிகிற இரைச்சல். ஒலி வடிவமைப்பாளர் ஜானி பர்ன் இதற்காக வரலாற்று ஆவணங்களைப் படித்து, என்னென்ன சத்தம் எங்கிருந்து எவ்வளவு தூரத்தில் கேட்டிருக்கும் என்று 600 பக்க அளவுக்குக் குறிப்பு சேர்த்தார். 2024 ஆஸ்கரில் ஒலிக்கான விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது, அணுகுண்டைப் பற்றிய ஓப்பன்ஹைமரும் அதே பட்டியலில் இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லி மாளாது, குண்டு வெடிக்கிற சத்தத்தை விட்டுவிட்டு, கேட்டும் கேட்காத ஒரு முனகலுக்கு விருது கொடுத்தார்களே என்று.

வீட்டில் பார்த்தபோது எனக்கு நேர்ந்தது இது. ராத்திரி, குழந்தை தூங்கிவிட்டாள் என்று சத்தத்தைக் குறைத்துவைத்துத்தான் பார்த்தோம். ஆரம்பத்தில் அந்த இரைச்சல் தொந்தரவாக இருந்தது, பக்கத்து பிளாட்டில் மோட்டார் ஓடுகிறதோ என்று ஒரு கணம் எண்ணினேன். அரைமணி நேரம் போயிருக்கும், ஹெட்விக்கின் அம்மா அந்த வீட்டுக்கு வருகிறாள், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள், ராத்திரி தூக்கம் வராமல் ஜன்னல் வழியே சிவந்து கிடக்கிற வானத்தைப் பார்க்கிறாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு கடிதத்தை எழுதிவைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். அப்போதுதான் உறைத்தது, அந்த இரைச்சல் படம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, என் காது எப்போதோ அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கேட்பதையே வேலையாக வைத்திருக்கிற என் காது. அந்தக் குடும்பத்தாருக்கு நடந்ததை அரைமணி நேரத்தில் எனக்கும் நடத்திக் காட்டிவிட்டார்கள். பயந்துவிட்டேன். கொடுமையைக் காட்டும் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், கொடுமைக்குப் பழகிப்போவதை என் உடம்பிலேயே உணரவைத்த படம் இது ஒன்றுதான்.

அதிலிருந்து வெளியே வரக் கொஞ்ச நாள் பிடித்தது. அப்புறம் பார்த்தது உள்ளொழுக்கு, கிறிஸ்டோ டோமி இயக்கிய மலையாளப் படம். குட்டநாட்டில் வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர், கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர், இறந்துபோன மகனை அடக்கம் செய்ய முடியாமல் வெள்ளம் வடியட்டும் என்று அம்மாவும் மருமகளும் காத்திருக்கிறார்கள். ஊர்வசி மாமியார், பார்வதி மருமகள். படம் ஓட ஆரம்பித்தபோது என் அம்மா சமையற்கட்டில் இருந்தார், திரையைப் பார்க்கவே இல்லை. "இது நம்ம ஊர்வசி குரலாச்சே" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷமாகக் கேட்ட குரல் இல்லையா? எப்போதும் துள்ளிக்கொண்டே இருந்த அந்தக் குரல் இதில் தரையில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. மகன் உடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே வந்தவர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கிற தொனி, மருமகளிடம் உள்ளூர நடுங்கிக்கொண்டே தணிந்து பேசுகிற தொனி. அவருக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது, துணை நடிகை என்ற பிரிவில். அந்தப் பிரிவு எனக்குச் சம்மதமில்லை, படத்தையே அவர்தான் தூக்கிப் பிடிக்கிறார்.

குறை என்று சொன்னால், இரண்டு குடும்பமும் மறைத்துவைத்த விஷயங்கள் பின்பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கின்றன, கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் மழை நிற்காத அந்த வீடு, கால் வைக்கிற இடமெல்லாம் தளும்புகிற தண்ணீர், யாராவது ரகசியம் பேசும்போதும் தண்ணீர்ச் சத்தம் கூடவே இருப்பது, இதெல்லாம் சேர்ந்து அந்த இரண்டு பெண்களையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அம்மா படம் முடிந்ததும், "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்றார். எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான விமர்சனம் அந்தப் படத்துக்கு வரவில்லை.

பாயல் கபாடியாவின் ஆல் வி இமாஜின் ஆஸ் லைட் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். ஷாஜி என். கருணின் ஸ்வாஹம் 1994இல் கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இருந்ததற்குப் பிறகு முப்பது வருஷம் கழித்து அங்கே போன இந்தியப் படம், 2024இல் கிராண்ட் பிரீ வாங்கியது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்ஸ்கள், பிரபாவும் அனுவும், மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் பார்வதி என்ற மராத்திப் பெண், இவர்கள்தான் கதை. தொடக்கத்தில் மும்பையின் சந்தையும் ரயிலும் ஓட, அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் குரல்கள் மட்டும் பல மொழிகளில் கேட்கின்றன, பேசுகிறவர் முகம் தெரியாது. ஊரை விட்டு வந்து இன்னொரு ஊரில் வாடகைக்கு இருந்த யாருக்கும் அந்த முதல் சில நிமிஷத்திலேயே தொண்டை அடைக்கும்.

பிரபாவின் கணவன் ஜெர்மனியில். கல்யாணம் முடிந்ததும் போனவன், இப்போது போன்கூடச் செய்வதில்லை. ஒருநாள் வீட்டுக்கு ஒரு பார்சல் வருகிறது, உள்ளே சிவப்பு நிறத்தில் புத்தம்புது ரைஸ் குக்கர். அனுப்பியவர் பெயர் இல்லை, ஜெர்மனியில் செய்தது என்பது மட்டும் தெரிகிறது. அனுவுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது, பிரபா அதைக் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிடுகிறாள். பிறகு ஒரு ராத்திரி, மழை பெய்கிறது, தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை இரண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொள்கிறாள் பிரபாவாக நடிக்கும் கனி குஸ்ருதி. வசனம் இல்லை. ஒரு மனுஷனைக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக அந்தக் குளிர்ந்த பாத்திரத்தைக் கட்டிக்கொள்கிறாள், அவ்வளவு வருஷத்துத் தனிமையும் அந்த ஒரு செய்கையில் வந்துவிடுகிறது. இந்த ஐந்து படங்களிலும் எனக்கு மிகப் பிடித்த நொடி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். படத்தில் வரும் பியானோவும் அபாரம், எமஹோய் செகே-மரியம் கெப்ரு என்ற எத்தியோப்பியக் கன்னியாஸ்திரி வாசித்தது, 2023இல் 99 வயதில் ஜெருசலேமில் காலமானவர். தயங்கித் தயங்கி நடக்கிற வாசிப்பு, மும்பை மாதிரி ஓடுகிற ஊருக்கு அதைப் பொருத்த வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். பார்வதி வீட்டைக் காலி செய்துகொண்டு ரத்னகிரிப் பக்கம் தன் கிராமத்துக்குத் திரும்பும்போது படமும் கடற்கரைக்குப் போய்விடுகிறது, அங்கே ரயில் சத்தம் கிடையாது, தோள் தானாகத் தளர்கிறது.

மெய்யழகனைக் கடைசியாகச் சொல்வது, அது வீட்டுக்காகவே எடுத்த மாதிரியான படம் என்பதால். ச. பிரேம்குமார் இயக்கம், 2024 செப்டம்பரில் வந்தது. தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்து 1996இல் சென்னைக்குப் போன குடும்பம், இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழி, அவரை "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் ஒரு சொந்தக்காரன். யாரென்றே ஞாபகம் வரவில்லை, பெயர் கேட்கவும் கூச்சம், அந்தப் பெயர் தெரியாதவனோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசியே கழிகிறது. தியேட்டரில் நீளம் என்று முணுமுணுத்தார்கள், வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வீட்டில் பார்க்கும்போது எனக்கு நீளமே தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில், சாப்பாடு முடிந்து, யாரும் தூங்கப் போகாமல் பழைய கதை பேசுவோமே, அதற்கு நேரம் பார்க்கிறோமா என்ன. அந்தச் சொந்தக்காரனாக வரும் கார்த்தி கொஞ்சம் கூடுதலாகவே வெள்ளந்தியாக இருக்கிறார், அது உண்மைதான். ஆனால் எதிரில் அருள்மொழியாக அரவிந்த் சாமி கேட்டுக்கொண்டிருக்கும் விதம் அதைச் சமன் செய்துவிடுகிறது. ஒருத்தர் பேச ஒருத்தர் கேட்பதை நம் சினிமாவில் இவ்வளவு நேரம் காட்டமாட்டார்கள், வெட்டி வெட்டி ஓடிவிடுவார்கள். பாட்டில் கமல் குரல் வருகிற இடங்களில் என் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. படத்தை நடுவில் நிறுத்திவிட்டு, விற்றுப்போன எங்கள் ஊர் வீட்டில் திண்ணைக்குப் பக்கத்து அறை யாருடையது என்பதில் அம்மாவும் தொலைபேசியில் என் சித்தியும் வெகுநேரம் வாதாடினார்கள். தியேட்டரில் இதற்கு வழியில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்டை மட்டும் தியேட்டரில் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் படம் கறுப்புத் திரையும் மிகா லெவியின் இசையுமாகச் சில நிமிஷம் தொடங்குகிறது, வீட்டில் அந்த நேரத்தில் கேபிள் கழன்றுவிட்டதா என்று எழுந்து பார்க்கத்தான் தோன்றும், இருட்டு அரங்கில் எங்கேயும் எழுந்து போக முடியாது. கொட்டுக்காளிக்கு ஹெட்போன் போதும், தனியாகப் பார்த்தால் இன்னும் நல்லது. மற்ற மூன்றையும் தயங்காமல் வீட்டிலேயே பாருங்கள், உள்ளொழுக்கையும் மெய்யழகனையும் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடுங்கள்.